தாடை வலியில் தொடங்கிய பைபாஸ்: திருகோணமலையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் நோயாளி என் அக்காவின் கணவர். திருக்கடலூரில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்துவது அவருடைய தொழில். நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தபோது அவருக்கு வயது 61. நீரிழிவு வந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. உயர் குருதி அழுத்தம் பின்னால் வந்து சேர்ந்தது. நான் சத்திரசிகிச்சை விடுதிகளில் பணியாற்றி ஓய்வு பெற்ற தாதி. இருதயப் பிரிவில் வேலை செய்தவள் அல்ல. ஆகவே இந்த நோயின் வழியில் பாதியை நானும் அத்தானோடு சேர்ந்தே கற்றேன். அவருடைய முழுச் சம்மதத்தோடு எழுதுகிறேன். தன் பெயரும் சத்திரசிகிச்சை நடந்த வைத்தியசாலையின் பெயரும் வேண்டாம் என்றார். மற்றதை எல்லாம் எழுதச் சொன்னார்.

பைபாஸ் என்ற சொல்லைக் கேட்டறியாதவர் எங்கள் பட்டினத்தில் இல்லை. தெருவுக்கு ஒருவராவது நெஞ்சில் அந்தக் கோட்டோடு நடமாடுகிறார். ஆனால் அந்தச் சிகிச்சை எதைச் சரிசெய்கிறது, எதைத் தொடாமல் விட்டுவிடுகிறது என்று கேட்டால், செய்துகொண்டவர்களே தடுமாறுகிறார்கள். எங்கள் வீட்டில் இந்தத் தெளிவின்மைக்கு விலை கொடுக்க நேர்ந்தது ஒப்பரேஷன் முடிந்து, எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்ட பிறகுதான். அதைச் சொல்வதற்காகவே முழுக் கதையையும் சொல்கிறேன்.

பல் வைத்தியர் பிடித்த நோய்

அத்தானுக்கு நெஞ்சு வலித்ததே இல்லை. கீழ்த் தாடையின் இடப்பக்கம் ஒரு கனம், ஒரு நோவு. கோணேசர் கோயிலுக்கு வெள்ளிக்கிழமைகளில் நடந்து போகிறவர், கோட்டை வாசலைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் தாடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இரண்டு நிமிடத்தில் விட்டுவிடும். மீண்டும் நடப்பார். கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகவும் இருந்ததால் பழியெல்லாம் பல்லின் மேல் விழுந்தது. பிடுங்கிவிடச் சொல்லிப் பல் வைத்தியரிடம் போனார்.

அந்த வைத்தியர் ஒரு இளம் பெண். கதிரையில் சாய்த்து வாயைப் பார்த்துவிட்டு, "ஐயா, சாப்பிடும்போது நோகிறதா, நடக்கும்போது நோகிறதா?" என்று கேட்டாராம். நடக்கும்போது என்றதும் கையில் எடுத்த ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். பல்லைத் தொடவில்லை. ஒரு தாளில் நாலு வரி எழுதி, வீட்டுக்குப் போகாமல் நேரே திருகோணமலை பொது வைத்தியசாலைக்குப் போகச் சொன்னார். இந்த வரலாற்றில் மிகச் சிறந்த நோய் நிர்ணயம் அந்த ஒரு கேள்விதான் என்பது என் முடிவு.

இருதயத் தசைக்குப் போதிய குருதி கிடைக்காதபோது எழும் வலி நெஞ்சில்தான் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. தாடை, தொண்டை, இடக்கை, தோள்பட்டைகளின் நடு, மேல்வயிறு என்று எங்கும் தெரியலாம். நீண்டகால நீரிழிவு நரம்புகளையும் கெடுப்பதால், பலருக்கு வலியே தெரியாமல் மூச்சு வாங்கலும் களைப்பும் மட்டும் இருக்கும். இடத்தைவிட நேரத்தைக் கவனிக்க வேண்டும். இந்த இடங்களில், உடலை வருத்தும்போது வந்து, ஓய்ந்தால் போகிற எந்த நோவும் இருதயத்தைச் சந்தேகிக்கத் தகுந்தது. வாய்வு என்று சொல்லி இஞ்சித் தண்ணீர் குடித்துக் காலம் கடத்துகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

படுத்த நிலையில் எடுத்த ஈ.சி.ஜி.யில் பெரிய குறை தெரியவில்லை. இது பலரை ஏமாற்றும் இடம். ஓய்வில் இருக்கும் இருதயத்துக்குக் கிடைக்கும் குருதி போதுமானதாக இருக்கலாம். வேலை கொடுத்தால்தான் பற்றாக்குறை வெளியே வரும். ஓடும் பட்டியில் நடக்கவைத்து எடுத்த சோதனை சில நிமிடங்களிலேயே நிறுத்தப்பட்டது. தாடை நொந்தது, ஈ.சி.ஜி. கோடும் இறங்கியது. ஒலியலைகளால் இருதயத்தைப் பார்க்கும் எக்கோ பரிசோதனையில், இடது இதயவறை ஒவ்வொரு துடிப்பிலும் வெளித்தள்ளும் குருதி 45 வீதம் என்று வந்தது. 55 வீதத்துக்குக் குறையாமல் இருந்தால் நல்லது.

மூன்று நாடி

அடுத்தது அஞ்சியோகிராம். மணிக்கட்டு நாடி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, மருந்தைப் பாய்ச்சி எடுக்கும் எக்ஸ்ரே படம் இது. வெளிமாவட்டம் ஒன்றில் செய்தார்கள். அத்தான் விழித்திருந்தே திரையைப் பார்த்தார்.

இருதயம் உடம்பு முழுவதற்கும் குருதியை அனுப்பினாலும், தன் தசைக்கு வேண்டியதைப் பெருநாடியின் அடியிலிருந்து பிரியும் முடியுரு நாடிகள் வழியாகவே பெறுகிறது. அவை வலம் ஒன்று, இடம் ஒன்று. இடது நாடி உடனே இரண்டாகப் பிரிவதால், பேச்சு வழக்கில் மூன்று நாடி என்கிறோம். அத்தானுக்கு முன்பக்க நாடியில் தொடக்கத்திலேயே 90 வீத அடைப்பு. பக்கவாட்டில் சுற்றிப் போகும் நாடியில் 80 வீதம். வலது நாடி முற்றாக மூடியிருந்தது. முற்றாக மூடிய பிறகும் மாரடைப்பு வராததற்குக் காரணம் உண்டு. அடைப்பு மெதுவாக வளரும்போது பக்கத்து நாடிகளிலிருந்து நுண்ணிய கிளைகள் பெருத்து அந்தப் பகுதிக்குக் குருதி கொடுக்கத் தொடங்குகின்றன. அத்தானின் வலது பக்கம் அப்படித்தான் உயிர் பிழைத்திருந்தது. ஆனால் அந்தக் கிளைகள் புறப்பட்ட முன்பக்க நாடியே 90 வீதம் அடைத்திருந்தது என்பதைக் கேட்டதும், நான் உள்ளுக்குள் ஆடிப்போனேன்.

ஸ்டென்டா, பைபாஸா

வீட்டில் பெரிய வாக்குவாதம் நடந்தது. "மணிக்கட்டால் விட்டு ஸ்டென்ட் வைத்தால் இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். எதற்காக அப்பாவின் நெஞ்சைப் பிளக்க வேண்டும்?" என்று மூத்த மகன் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு நேரான பதில் சொல்லாமல் கையெழுத்து மட்டும் வாங்குவது சரியல்ல என்று நான் நினைக்கிறேன்.

பதில் இதுதான். ஸ்டென்ட் என்ற சிறிய வலைக்குழாய், அடைப்பு இருக்கும் அந்த ஓரிடத்தை விரித்துப் பிடிக்கிறது. பைபாஸ், அடைப்புக்கு அப்பால் நல்ல நிலையில் இருக்கும் பகுதியில் புதிய குருதி வழியை இணைக்கிறது. நீரிழிவு உள்ளவர்களின் நாடிகளில் நோய் ஓரிடத்தோடு நிற்பதில்லை, நெடுகப் படர்கிறது. ஸ்டென்ட் வைத்த இடத்துக்கு முன்னும் பின்னும் நாளை புதிய அடைப்பு வரலாம். இணைப்புக்கு மேற்பக்கத்தில் எத்தனை அடைப்பு புதிதாக வந்தாலும், பைபாஸ் அவற்றையும் சேர்த்துத் தாண்டிப் போகிறது.

இதை எண்களாகவும் பார்க்கலாம். ஃப்ரீடம் என்ற பெயரில் நடந்த ஆய்வின் முடிவு 2012இல் வெளிவந்தது. நீரிழிவோடு பல நாடிகளில் அடைப்பும் உள்ள 1900 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஸ்டென்ட், மறு பாதிக்குப் பைபாஸ் என்று ஒதுக்கினார்கள். ஐந்து ஆண்டுகளில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் ஒன்றைச் சந்தித்தவர்கள் ஸ்டென்ட் பக்கத்தில் 26.6 வீதம், பைபாஸ் பக்கத்தில் 18.7 வீதம். பக்கவாதத்தை மட்டும் தனியே எடுத்தால் கணக்கு மறுபக்கம் திரும்புகிறது: ஸ்டென்டில் 2.4 வீதம், பைபாஸில் 5.2 வீதம். இரண்டையும் மகனுக்குச் சொன்னேன். நன்மையை மட்டும் சொல்லிச் சம்மதம் வாங்கினால், பின்னால் ஏதாவது நேர்ந்தால் குடும்பம் உடைந்துபோகும்.

எல்லோருக்கும் பைபாஸ்தான் மேல் என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரு நாடியில் மட்டும் திறந்துவிட வேண்டிய அடைப்பு என்றாலும், மாரடைப்பு நடந்துகொண்டிருக்கிறது என்றாலும் ஸ்டென்ட்தான் பெரும்பாலும் முதல் தெரிவு. அத்தானின் மூன்று நாடி நோய், நீரிழிவு, பலம் குன்றிய இதயவறை ஆகிய மூன்றும் சேர்ந்தே முடிவைப் பைபாஸ் பக்கம் சாய்த்தன.

காத்திருந்த மாதங்கள்

அரச வைத்தியசாலையில் இந்தச் சத்திரசிகிச்சை இலவசம். ஆனால் வரிசை நீளம். தனியாரிடம் போகப் பணமில்லை. மாதங்கள் போயின.

காத்திருக்கும் காலத்தை வெறுமனே கழிக்கக் கூடாது. நாக்கின் கீழ் வைக்கும் குளிசையை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்கப் பழக்கினேன். வலி வந்தால் உட்கார வேண்டும், ஒரு குளிசையை நாக்கின் கீழ் வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் போகாவிட்டால் யோசனையே வேண்டாம், 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை வரவழைக்க வேண்டும். அந்தக் குளிசை அது வந்த கண்ணாடிப் போத்தலிலேயே இருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. திருகோணமலை வெயிலில், பிளாஸ்டிக் உறையில் மற்றக் குளிசைகளோடு கலந்து கிடந்தால் அதன் வீரியம் போய்விடும்.

மூன்று மாத சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 9.2 இலிருந்து 7.6க்கு இறங்கியது. சீனி கட்டுக்குள் இல்லாமல் நெஞ்சைத் திறந்தால் காயம் ஆறுவது பெரும்பாடு. சொத்தைப் பல்லையும் இருதய வைத்தியரின் அனுமதியோடு அந்தப் பல் வைத்தியரே பிடுங்கினார். குருதித் தட்டுகள் ஒட்டுவதைத் தடுக்கும் குளோபிடோகிரல் குளிசையை ஒப்பரேஷனுக்கு ஐந்து நாள் முன்னதாக நிறுத்தச் சொன்னார்கள். அஸ்பிரினை நிறுத்தச் சொல்லவில்லை. எதை எப்போது நிறுத்துவது என்பதை அறுவைக் குழுதான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டில் நிறுத்தியதைப் பார்த்து நாமும் நிறுத்துவது ஆபத்து.

மூன்று பந்துகள் உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியை முன்கூட்டியே வாங்கிவைத்தோம். அத்தான் அதைப் பலம் கொண்ட மட்டும் ஊதிக்கொண்டிருந்தார். பந்து அசையவில்லை என்று சலித்தார். அது ஊதுவதற்கான கருவி அல்ல. மெதுவாக, ஆழமாக உள்ளே இழுக்க வேண்டும். இழுத்ததும் பந்துகள் ஒவ்வொன்றாக எழுந்தன. நெஞ்சு வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுவதால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிக் கிருமி சேர்வதைத் தடுப்பதற்கே இந்தப் பயிற்சி. நெஞ்சு நோகாத காலத்திலேயே கற்றுக்கொண்டால் நோகும் காலத்தில் கைகொடுக்கும்.

மேசையில் நடந்தது

"இருதயத்தை வெளியே எடுத்து வைத்துத்தான் செய்வார்களாமே?" என்று அத்தான் ஒருநாள் இரவு கேட்டார். எத்தனை நாளாக இந்தப் பயத்தை மனதில் வைத்திருந்தாரோ தெரியாது. இல்லை, இருதயம் அதன் இடத்திலேயே இருக்கும் என்றேன். பிறகு, ஒளிக்காமல் முழுவதையும் சொன்னேன்.

மார்பின் நடு எலும்பை மேலிருந்து கீழாக வாளால் அறுத்து விரிக்கிறார்கள். மார்புச் சுவரின் உட்புறத்தில், நடு எலும்பின் இரு பக்கமும் மேலிருந்து கீழாக ஒவ்வொரு நாடி ஓடுகிறது. இடப்பக்க நாடியைச் சுவரிலிருந்து விடுவித்து, மேல் முனையை அதன் இடத்திலேயே விட்டு, கீழ் முனையை மட்டும் இருதயத்தின் முன்பக்க நாடியில் அடைப்புக்கு அப்பால் தைக்கிறார்கள். மற்ற இரண்டு நாடிகளுக்கும் காலின் உட்புறத்திலிருந்து ஒரு நீண்ட நாளம், அதாவது குருதியை இருதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய், எடுக்கப்படுகிறது. அந்த நாளத்தைத் தலைகீழாகத் திருப்பித்தான் தைக்க வேண்டும். உள்ளே இருக்கும் வால்வுகள் ஒரு பக்கம் மட்டுமே குருதியைப் போகவிடும். தைக்கப்படும் முடியுரு நாடியின் குறுக்களவு ஒன்றரை, இரண்டு மில்லிமீற்றர்தான். தலைமயிர் அளவு நூலால், உருப்பெருக்கிக் கண்ணாடி அணிந்து தைக்கிறார்கள்.

துடிக்கும் இருதயத்தில் இவ்வளவு நுட்பமாகத் தைப்பது கடினம். ஆகவே பெரும்பாலும் பொட்டாசியம் கலந்த கரைசலால் இருதயத்தை நிறுத்தி, அந்த நேரத்தில் குருதிக்கு ஒட்சிசன் ஏற்றி உடலெங்கும் அனுப்பும் வேலையை ஓர் இயந்திரத்திடம் கொடுக்கிறார்கள். ஜோன் கிப்பன் என்ற அமெரிக்க வைத்தியர் 1953இல் அத்தகைய இயந்திரத்தைக் கொண்டு ஓர் இளம் பெண்ணின் இருதயத்தில் இருந்த துளையை வெற்றியாக மூடினார். கால் நாளத்தைக் கொண்டு செய்யும் பைபாஸை 1967இல் கிளீவ்லண்டில் தொடங்கி நிலைநிறுத்தியவர் ஆர்ஜென்டினாக்காரரான ரெனே ஃபவலோரோ. இருதயத்தை நிறுத்தாமல், தைக்கும் இடத்தை மட்டும் அசையாமல் பிடித்துச் செய்யும் முறையும் உண்டு. அத்தானுக்கு நிறுத்தித்தான் செய்தார்கள்.

மயக்கமருந்து வைத்தியர் முதல்நாள் வந்து, "மீன் ஒத்துக்கொள்ளுமா?" என்று கேட்டபோது அத்தான் அதை ஊர் விசாரிப்பாக எடுத்துக்கொண்டு, திருக்கடலூரில் பிறந்தவன் மீனில்தான் வளர்ந்தேன் என்று சொல்லியிருக்கிறார். அது முக்கியமான மருத்துவக் கேள்வி. இயந்திரத்தில் குருதி உறையாமல் இருக்க ஹெப்பரின் கொடுக்கிறார்கள். முடிவில் அதை முறிக்கக் கொடுக்கும் புரோட்டமின் என்ற மருந்து மீனிலிருந்து பெறப்பட்டது. மீன் ஒவ்வாமை உள்ளவர்கள், புரோட்டமின் கலந்த இன்சுலினை நெடுங்காலம் போட்டவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் எலும்பை உலோகக் கம்பிகளால் இறுக்கிக் கட்டுகிறார்கள். அந்தக் கம்பிகள் வாழ்நாள் முழுவதும் உள்ளேயே இருக்கும். "துருப்பிடிக்காதா பிள்ளை?" என்றார், உப்புக் காற்றில் இரும்பு படும் பாட்டைத் தினமும் பார்ப்பவர். துருப்பிடிக்காத உருக்கு என்றதும், எந்த ரகம் என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

மரண ஆபத்து அவருடைய நிலையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு என்று அறுவை நிபுணர் சொன்னார். அதைத் தமிழில் திருப்பிச் சொன்ன மட்டக்களப்பு இளம் வைத்தியர் குரலைத் தாழ்த்தாமல், கண்ணைப் பார்த்துச் சொன்னார். அத்தான் தலையசைத்துக் கையெழுத்திட்டார்.

கண் விழித்தபோது

தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் விழிக்கும்போது தொண்டையில் சுவாசக் குழாய் இருக்கும். பேச முடியாது. நெஞ்சின் கீழே குருதி வடியும் குழாய்கள், கழுத்தில் ஊசி, சிறுநீர்க் குழாய், தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய மின்கம்பிகள் எல்லாம் இருக்கும். குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்கக் கைகளை மென்மையாகக் கட்டியிருக்கலாம். இவை முன்பே தெரியாதவருக்கு அது நரகம். தெரிந்தவருக்கு அது எதிர்பார்த்த ஒரு காலை.

சத்திரசிகிச்சை நடந்தது கொழும்பில். அங்கே தாதியரில் தமிழ் தெரிந்தவர்கள் குறைவு. அதற்காக ஓர் அட்டை செய்து கொடுத்திருந்தேன். வலி, தாகம், மூச்சு முட்டுகிறது, சளி, குளிர், நேரம் என்ன ஆகிய ஆறையும் படத்தோடு தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் எழுதி, தடித்த பிளாஸ்டிக் உறையிட்டு, பொறுப்புத் தாதியிடம் ஒப்படைத்தேன். அவர் அதை மகிழ்ச்சியோடு வாங்கிக் கட்டில் கம்பியில் தொங்கவிட்டார். அத்தான் முதலில் தொட்டுக் காட்டியது "நேரம் என்ன" என்பதை. மறுநாள் அதே அட்டையைப் பக்கத்துக் கட்டில் கிண்ணியாக்காரரும் பயன்படுத்தினார்.

இரண்டாம் இரவு அத்தான் கூரையில் படகுகள் போவதாகச் சொன்னார். அக்காவை அடையாளம் தெரியவில்லை. மூளையில் ஏதோ ஆகிவிட்டது என்று அக்கா வாய்விட்டு அழுதார். பெரிய சத்திரசிகிச்சைக்குப் பின் மயக்கமருந்து, வலிமருந்து, தூக்கமின்மை, பகல் இரவு தெரியாத வெளிச்சம் எல்லாம் சேர்ந்து சிலருக்கு இந்தக் குழப்பம் வருகிறது. பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடும். மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட்டு, கிழமையையும் இடத்தையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தோம். தெளிந்தார்.

மூன்றாம் நாள் நாடித் துடிப்பு தாறுமாறாக ஓடத் தொடங்கியது. இதய மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் நிலை இது. பைபாஸ் செய்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வருவதே அதிகம். மருந்து கொடுத்துச் சரிசெய்தார்கள். மூன்றில் ஒருவருக்கு வரும் ஒன்றைப் பற்றி எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை முன்பே சொல்லவில்லை. ஒப்பரேஷன் தோற்றுவிட்டது என்றே குடும்பம் நினைத்தது. எனக்கு இன்றும் ஆறாத குறை இது.

வீட்டுக்கு வந்த வழி

கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று வான் வண்டியில் வந்தோம். இருக்கைப் பட்டிக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு தலையணை. மணிக்கொரு தரம் நிறுத்தி இறக்கி நடக்கவைத்தோம். அசையாமல் உட்கார்ந்திருந்தால் காலில் குருதி உறையக்கூடும். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு இறுக அணைத்துக்கொள்ள அவருக்கே பழகியிருந்தது.

கையில் கொடுத்த அட்டை முழுவதும் ஆங்கிலச் சுருக்கெழுத்து. எந்தக் குளிசை எதற்கு, எது வாழ்நாள் முழுவதும், எது ஒரு மாதத்துக்கு என்று அதில் ஒரு சாதாரண மனிதர் கண்டுபிடிக்க வழியில்லை. தாதியாக இருந்தவள் வீட்டில் இருந்ததால் எங்களுக்கு ஒரு தமிழ் அட்டவணை கிடைத்தது. மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்?

அறுத்த எலும்பு ஒட்ட எட்டு முதல் பன்னிரண்டு வாரம் எடுக்கும். அதுவரை நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கவோ, தள்ளவோ, இழுக்கவோ கூடாது. எங்கள் ஊர் வாழ்க்கையில் இதன் பொருள் என்ன என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. கிணற்றில் வாளி இழுக்கக் கூடாது. மோட்டார் சைக்கிளை உதைத்து இயக்கக் கூடாது. கோயிலில் சிதறு தேங்காய் அடிக்கக் கூடாது. நெஞ்சு நிலத்தில் பட விழுந்து கும்பிடக் கூடாது. நேர்த்தி என்று கன்னியாவுக்குக் கூட்டிப் போய் வெந்நீர்க் கிணற்றில் வாளி வாளியாக அள்ளி ஊற்றக் கூடாது. இழுப்பதும் கேடு, குருதி அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து எடுப்பவருக்குச் சூடு தலைச்சுற்றையும் தரும். கட்டிலிலிருந்து எழும்போது கையால் பிடித்து இழுத்து எழாமல், பக்கவாட்டில் உருண்டு, கால்களைத் தொங்கவிட்டு எழ வேண்டும்.

ஒரு படகுக்காரர் எஞ்சினைக் கொண்டுவந்து, "அண்ணா, ஒரு கை பிடித்தால் போதும்" என்று கேட்டார். அத்தானின் கை நீண்டுவிட்டது. அக்கா பட்டறை வாசலில் வந்து நின்று, "அவருடைய நெஞ்சு இன்னும் கம்பியில்தான் நிற்கிறது தம்பி" என்றார். அந்த மனிதர் எஞ்சினைத் தானே இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

நெஞ்சுக் காயம் ஒழுங்காக ஆறியது. தொல்லை கொடுத்தது கால். முழங்காலுக்கு அருகே சிவந்து, சூடேறி, நீர் கசிந்தது. நீரிழிவு உள்ளவர்களுக்கு நாளம் எடுத்த காயம் இப்படிப் பிந்துவது வழக்கத்தில் உள்ளதுதான். கசிவு கண்ட அன்றே காட்டியதால் மருந்தோடும் கட்டோடும் முடிந்தது. காய்ச்சல், சீழ், நெஞ்செலும்பில் சொடுக்குச் சத்தம், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை கூடுதல், படுத்தால் மூச்சு முட்டுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது.

பசி இல்லை. பாரைக் குழம்பும் பிட்டும் வைத்தால் இரும்பு ருசிக்கிறது என்று தள்ளிவிடுவார். காரணமின்றி அழுவார். ஒரு சொல் பொறுக்காமல் சினப்பார். ஊரில் "நெஞ்சைத் திறந்தால் மனம் பலவீனமாகிவிடும்" என்று பேசினார்கள். பைபாஸுக்குப் பின் மனச்சோர்வு பரவலாக வருவதுதான்; சில வாரங்களில் குறையாவிட்டால் அதற்கும் சிகிச்சை உண்டு. கணவன் மனைவி உறவைப் பற்றி யாரும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை. இரண்டு மாடி உயரப் படிகளை மூச்சு வாங்காமல், நோவில்லாமல் ஏற முடிந்தால், எலும்பில் பாரம் விழாத விதத்தில், பெரும்பாலும் தடையில்லை என்பது வைத்தியர்கள் சொல்லும் அளவுகோல். அக்காவிடம் இதை நானே சொன்னேன்.

நிறுத்திய குளிசை

ஆறு மாதமானதும் அத்தான் புது மனிதரானார். கோணேசர் ஏற்றத்தில் நிற்காமல் ஏறினார். பட்டறை திறந்தது. அப்போது எடுத்த குருதிச் சோதனையில் கெட்ட கொலஸ்ட்ரோல் எனப்படும் எல்.டி.எல். 148 என்று வந்தது. 70க்குக் கீழே இருக்க வேண்டிய எண் அது. அக்கா அலுமாரியில் தேடியபோது, கொலஸ்ட்ரோலுக்கான ஸ்டாடின் குளிசைகள் தொடாத அட்டைகளாகக் கிடந்தன. அஸ்பிரினை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டிருக்கிறார்.

நான் கேட்டதற்கு அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே வியந்தார். "அடைப்பைத்தான் எடுத்தாயிற்றே பிள்ளை. இனியும் எதற்குக் குளிசை?"

இந்த ஒரு வரியில்தான் இந்த ஆய்வின் சாரம் இருக்கிறது. அடைப்பை யாரும் எடுக்கவில்லை. மூன்று அடைப்பும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மூன்று புதிய வழிகள் மட்டும் போடப்பட்டிருக்கின்றன. அடைப்பை உண்டாக்கிய நோய் உடம்பில் அப்படியே இருக்கிறது. மயக்கமருந்தைப் பற்றி, கம்பியைப் பற்றி, கையெழுத்தைப் பற்றி எல்லாம் பேசிய அத்தனை பேரில் ஒருவர்கூட இதை அவருக்கு நேராகச் சொல்லியிருக்கவில்லை.

அந்தப் புதிய வழிகளும் ஒரே தரமானவை அல்ல என்பதை அப்போது விளக்கினேன். மார்புச் சுவரிலிருந்து வந்த நாடி, பத்து ஆண்டு கழிந்தும் பத்தில் ஒன்பது பேருக்குத் திறந்தே இருக்கிறது. கால் நாளங்கள் அப்படியல்ல. பத்து ஆண்டில் ஏறத்தாழ பாதி மூடிவிடுகின்றன. நாளம் குறைந்த அழுத்தத்துக்குப் பழகியது. நாடியின் அழுத்தத்தில் வைத்ததும் அதன் சுவர் தடிக்கிறது, பின்னர் கொழுப்பும் படிகிறது. அதைப் பிற்போடுவதற்கு அஸ்பிரினும் ஸ்டாடினும் அவசியம்.

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவரே சொன்னார்: "அடைத்த எண்ணெய்க் குழாய்க்குப் பக்கத்தால் புதுக் குழாய் போட்டிருக்கிறார்கள். டாங்கியில் கசடு அப்படியே கிடக்கிறது. அப்படித்தானே?" என்னால் இதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது. ஒன்றை மட்டும் சேர்த்தேன்: இந்தக் குழாய்க்கு உயிர் இருக்கிறது, அதைக் கழற்றி மாற்றுவது இரண்டாம் முறை இன்னும் கடினம். அன்று இரவே ஸ்டாடின் தொடங்கினார். ஈரல் கெட்டுவிடும் என்று யாரோ சொன்ன பயம் ஒன்றும் பின்னால் இருந்தது. அதற்கு ஈரல் சோதனையைச் செய்து காட்டினோம், சரியாக இருந்தது.

சத்திரசிகிச்சை நிலையங்கள் இதை மேசைக்குப் போகும் முன்பே, நோயாளியின் மொழியில், ஒரு பக்கத் தாளில் கொடுக்க வேண்டும். என் கோரிக்கை பெரியதல்ல. உங்கள் அடைப்பு எடுக்கப்படாது, சுற்றிப் போகப்படும். குளிசைகளில் இவை வாழ்நாள் முழுவதற்கும். மூன்றாம் நாள் துடிப்பு குழம்பலாம். இரண்டாம் இரவு மனம் குழம்பலாம். கால் காயம் நெஞ்சைவிடப் பிந்தி ஆறலாம். இந்த ஐந்தையும் அச்சிட ஆகும் செலவு ஒரு மாதக் குளிசையின் விலைகூட இல்லை.

இன்றைய நிலை

ஒரு வருட எக்கோவில் வெளித்தள்ளும் வீதம் 52க்கு வந்திருக்கிறது. எல்.டி.எல். 66. சீனி இன்னும் இழுபறிதான். சோற்றின் அளவு குறைந்திருக்கிறது, கருவாடு மட்டும் முழுதாக விடவில்லை. விடியலில் டச்சுக் குடாக் கரையோரம் முக்கால் மணி நேரம் நடக்கிறார். இடப்பக்க நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்கும் உட்கணுக்காலிலும் மரத்த உணர்வு இருக்கிறது. நாடியும் நாளமும் எடுத்தபோது தோல் நரம்புகள் பட்டதால் வந்தது. அது முழுதாகப் போகாமலும் இருக்கலாம் என்று அவருக்குத் தெரியும்.

ஸ்டென்டுக்காக வாதாடிய மூத்த மகனுக்கு 34 வயது. டாங்கிக் கசடு கதையைக் கேட்ட பிறகு அவராகவே போய்ச் சோதித்தார். சீனி சரியாக இருந்தது. எல்.டி.எல். 171. கிளினிக்கில் பதிந்து, மூன்று மாதம் கழித்து மறு சோதனைக்கு நாள் வாங்கியிருக்கிறார்.